அகஸ்டாவின் 18 குழிகள்: ஒரு பழைய கேடியின் கணக்கு

ஓசூரில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், உடன் வேலை செய்பவர்களோடு சேர்ந்து கோல்ஃப் ஆடத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. போன மாதம் சந்தூருக்கு வந்திருந்தபோது, மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டும் எங்கள் கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, பந்தை நல்லாத்தான் அடிக்கிறேன். ஆனா கார்டுல எண்ணிக்கை மட்டும் குறையவே மாட்டேங்குது" என்றான். கோல்ஃபில் 18 குழிகளிலும் பந்தை இறக்க எவ்வளவு குறைவாக அடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. கடைசியாக ஆடிய ஆட்டத்தைக் குழி குழியாகச் சொல்லச் சொன்னேன். 18 குழிகளில் ஐந்தில்தான் அவன் கணக்கு கெட்டிருந்தது. அந்த ஐந்திலும் அவன் அடித்த அடியில் குறை இல்லை. அடிப்பதற்குத் தேர்ந்துகொண்ட இடம்தான் தவறு. எல்லாக் குழியிலும், குழியில் நட்ட கொடியைப் பார்த்தே அடித்திருக்கிறான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பெங்களூருக்குப் போய், அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் எட்டு ஆண்டுகள் கேடியாக, அதாவது ஆட்டக்காரரின் கட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவனாக, இருந்தவன் நான். எனக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் பென்னாகரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். முதல் வாரத்தில் அவர் என்னிடம் ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: "பந்து எங்க போகணும்னு அப்புறம் பாக்கலாம் தம்பி. எங்க போகக் கூடாது, அத மொதல்ல சொல்லு." ஒவ்வொரு குழியிலும் டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், நின்றுகொண்டு இதற்கு விடை சொன்ன பிறகுதான் பையைத் தோளில் மாட்ட விடுவார். அந்தக் கேள்வியை அக்காள் மகனுக்கு விளக்க எனக்குக் கிடைத்த மிக நல்ல பாடம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அகஸ்டா நேஷனல் மைதானம். ஒவ்வோர் ஏப்ரலிலும் மாஸ்டர்ஸ் போட்டி அங்கேயே நடப்பதால், அதன் குழிகள் ஒவ்வொன்றிலும் யார் எப்படி ஆடினார்கள், யார் எங்கே கெட்டார்கள் என்று நாம் பார்த்தே கற்க முடியும். அவனிடம் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதிவைக்கிறேன்.

அகஸ்டாவின் மீது எனக்குத் தனிப் பற்று உண்டு. அந்த நிலம் முன்பு ஒரு நர்சரி. பெல்ஜியத்திலிருந்து வந்து குடியேறிய பெர்க்மன்ஸ் குடும்பம் 1857இல் அந்த இடத்தை வாங்கி, ஃப்ரூட்லேண்ட் என்ற பெயரில் பழமரக் கன்றுகளும் பூச்செடிகளும் வளர்த்து விற்றது. நர்சரி மூடப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்து, 1931இல் பாபி ஜோன்ஸ் என்ற ஆட்டக்காரரும் கிளிஃபர்ட் ராபர்ட்ஸ் என்ற நண்பரும் அந்த நிலத்தைக் கோல்ஃப் மைதானத்துக்காக வாங்கினார்கள். 18 குழிகளுக்கும் செடி, மரங்களின் பெயர்களே இன்றும் வழங்குகின்றன. ஒட்டுக் கன்று விற்றுப் பிழைக்கும் சந்தூர்க்காரனுக்கு இது நெருக்கமான செய்தி. அதைவிட முக்கியமானது, நர்சரிக்குத் தேர்ந்த நிலம் என்றால் அதில் நீர் ஓட்டம் இருக்கும், சரிவு இருக்கும் என்பது. ஜோன்ஸோடு சேர்ந்து மைதானத்தை வடிவமைத்த அலிஸ்டர் மெக்கென்சி அந்தச் சரிவுகளை அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். அங்கே உயரமான புல்லோ நெருக்கமான மணற்குழிகளோ அதிகம் இல்லை, டீக்கும் குழிக்கும் இடையே பந்து விழ வேண்டிய புல்வெளியான ஃபேர்வே அகலமானது. ஆட்டக்காரரைத் தண்டிப்பது தவறான பக்கத்திலிருந்து அடுத்த அடியை அடிக்கும் நிலைமைதான். வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சிப் பழகியவர் அந்த கிரீன்களை, அதாவது குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய தரைகளை, பார்த்தால், பந்து எந்தப் பக்கம் உருளும் என்பதைப் பாதிக்குமேல் சொல்லிவிடுவார்.

முதல் குழி 445 கஜம், பார் 4, அதாவது நல்ல ஆட்டக்காரர் நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழி. மேட்டை நோக்கிச் சென்று வலப்புறம் திரும்புகிறது. திருப்பத்தின் வலப்பக்கம் ஆழமான மணற்குழி ஒன்று உள்ளது. 300 கஜத்துக்கு மேல் பந்தைப் பறக்கவிடக் கூடியவர் மட்டுமே அதைத் தாண்ட நினைக்கலாம். மற்றவர்கள் ஃபேர்வேயின் இடப்பக்க நடுவைப் பார்க்க வேண்டும். உடல் சூடேறாத முதல் குழியில் நான்கு அடியில் முடித்தால் அதுவே இலாபம்.

இரண்டாவது 585 கஜம், பார் 5, இறக்கத்தில் இடப்புறம் வளைகிறது. இங்கே இடப்பக்கம் போகவே கூடாது, ஏனென்றால் மரங்களுக்குள் பந்து விழுந்தால் இறக்கம் அதை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். ஃபேர்வேயில் விழுந்துவிட்டால் அதே இறக்கம் நமக்குத் துணை. 2012இல் லூயி ஊஸ்தைசன் 253 கஜத் தொலைவிலிருந்து நான்காம் அயர்ன் என்ற இரும்புக் கட்டையால் அடித்த பந்து, கிரீனின் முன்புறத்தில் விழுந்து, சரிவில் வலப்பக்கமாக நெடுந்தூரம் உருண்டு குழிக்குள் இறங்கியது. பார் 5 குழி இரண்டே அடியில் முடிந்தது. கொடி இருந்த இடம் ஒன்று, அவர் பந்து விழுந்த இடம் வேறு என்பதை அக்காள் மகனிடம் இரண்டு முறை நிறுத்திக் காட்டினேன்.

மூன்றாவது வெறும் 350 கஜம். இன்றைய ஆட்டக்காரர்கள் நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் கட்டையை எடுத்தால் கிரீனுக்கு அருகில் வரை போய்விடலாம். கை அரிக்கும் இடம் இதுதான். கிரீனின் இடப்பகுதி ஒடுங்கியது. சரிவு வலமிருந்து இடமாக ஓடுகிறது. குழியும் கொடியும் நாளுக்கு நாள் இடம் மாறும்; கொடி இடப்பக்கம் இருக்கும் நாளில் 40 கஜத்திலிருந்து மெதுவாக அடிக்கும் அரை அடியால் பந்தை அங்கே நிறுத்துவது மிகக் கடினம். 100 கஜத்துக்கு மேல் தொலைவை விட்டு, முழு வீச்சில் வெட்ஜ் என்ற குறுந்தூரக் கட்டையால் அடிப்பவருக்குப் பந்தில் பின்சுழற்சி கிடைக்கும். பந்து விழுந்த இடத்தில் நிற்கும். 2011இல் சார்ல் ஷ்வார்ட்சல் கடைசி நாளில் இங்கே ஃபேர்வேயிலிருந்து அடித்த பந்து நேராகக் குழிக்குள் போய் ஈகிள், அதாவது பாருக்கு இரண்டு அடி குறைவு, ஆனது. குறைந்த தூரம் எப்போதும் எளிய தூரம் ஆகாது என்பதை எங்கள் பெரியவர் ஒவ்வொரு வாரமும் யாராவது ஒரு ஆட்டக்காரரிடம் சொல்லித் தோற்றுப்போவார்.

நான்காவது 240 கஜ பார் 3. இதில் பேச அதிகம் இல்லை. முன்னால் உள்ள மணற்குழிகளைத் தாண்டுவதற்குப் போதிய கட்டையை எடுத்து, கிரீனின் நடுவைப் பார்த்து அடித்து, மூன்றை வாங்கிக்கொண்டு நகர வேண்டும்.

ஐந்தாவது குழி பார் 4. அதை 2019இல் 495 கஜமாக நீட்டினார்கள். ஏற்றத்தில் இடப்புறம் வளையும் இந்தக் குழியின் திருப்பத்தில் இருக்கும் மணற்குழிகள் மிக ஆழமானவை. அங்கே விழுந்தால் கிரீனை மறந்துவிட்டுப் பந்தை வெளியே எடுப்பது மட்டுமே வேலை. அதே 2019இல் டைகர் வுட்ஸ் நான்கு நாளும் இங்கே போகி வாங்கினார். நான்கு நாளும் ஒரே குழியில் ஓர் அடி நட்டம். ஆனாலும் பட்டம் அவருக்குத்தான். ஏனென்றால் அந்த ஐந்து அடியை அவர் ஆறாகவோ ஏழாகவோ ஆக விடவில்லை. அக்காள் மகனின் கார்டில் இருந்த எட்டுகளையும் ஒன்பதுகளையும் பார்த்தபோது எனக்கு இந்தக் குழிதான் முதலில் நினைவுக்கு வந்தது.

ஆறாவது உயரமான டீயிலிருந்து கீழே பார்த்து அடிக்கும் பார் 3. கிரீனின் வலப்பக்கப் பின்மூலை ஒரு திண்ணை போல உயர்ந்திருக்கும். கொடி அங்கே இருந்தால் திண்ணையில் ஏற்றப் பார்க்கலாம். கொடி கீழே இருக்கும் நாளில் பந்தைத் திண்ணையில் நிறுத்தியவர் இரண்டு பட்டில், அதாவது கிரீனில் பந்தை உருட்டும் இரண்டு அடியில், முடிப்பது அரிது. ஏழாவது குறுகிய பாதை, சுற்றிலும் மணற்குழிகள் சூழ்ந்த சிறிய கிரீன். ஃபேர்வேயில் விழுந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

எட்டாவது 570 கஜ பார் 5, ஏற்றம். டீயிலிருந்து வலப்பக்க மணற்குழியைத் தவிர்க்க வேண்டும். இரண்டாம் அடியின்போது கிரீன் கண்ணுக்குத் தெரியாது. கிரீனைச் சுற்றி மணற்குழியே கிடையாது, மேடுகள்தான் காவல். இடப்பக்கம் மரங்களுக்குள் இழுத்துவிடாமல் இருந்தால் இங்கே பேர்டி, அதாவது பாருக்கு ஓர் அடி குறைவு, வாங்கும் வாய்ப்பு நிச்சயம்.

ஒன்பதாவது குழியில் சற்று நிற்க வேண்டும். டீயிலிருந்து இறங்கி, பிறகு மேட்டின் மேல் உள்ள கிரீனுக்கு அடிக்க வேண்டும். கால் இறக்கத்தில் இருக்க, பந்து ஏற்றத்துக்குப் போக வேண்டிய அடி இது. அந்தக் கிரீனின் முன்பகுதி கிரீன் போலத் தோன்றினாலும் கிரீனாகப் பயன்படாது. அங்கே விழுந்த பந்து தயங்கி நின்று, திரும்பி, மேட்டிலிருந்து ஃபேர்வே வரை உருண்டு இறங்கிவிடும். 1996இல் கடைசி நாளை ஆறு அடி முன்னிலையோடு தொடங்கிய கிரெக் நார்மனின் பந்து இப்படித்தான் இங்கே கீழே இறங்கியது. அன்று மாலை நிக் ஃபால்டோ பட்டம் வாங்கினார். கொடி முன்புறம் இருக்கும் நாளில் கொடியின் தொலைவைக் கணக்கிட்டுக் கட்டை எடுக்கவே கூடாது. கொடிக்கு அப்பால் விழும் கட்டையை எடுக்க வேண்டும். கொடிக்கு மேலே நின்று இறக்கத்தில் பட் செய்வது ஆபத்துத்தான், ஆனாலும் பந்து கிரீனில் இருக்கும்.

பத்தாவதில் நிலம் டீயிலிருந்து கிரீன் வரை ஏறத்தாழ 100 அடி இறங்குகிறது. வலமிருந்து இடமாக வளையும் அடி இங்கே தேவை. ஆனால் வளைவு மிகுந்தால் மரங்களும் குடில்களும்தான். 2011இல் கடைசி நாளில் முன்னிலையில் இருந்த ரோரி மெக்கில்ராயின் பந்து அந்தக் குடில்களின் பக்கம் போய்விட்டது. அந்தக் குழியில் ஏழு, அன்றைய ஆட்டத்தில் 80. ஃபேர்வேயின் நடுவில், இன்றைய கிரீனுக்கு வெகு முன்னால், பெரிய மணற்குழி ஒன்று கிடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பழைய கிரீன் அதன் அருகில் இருந்தது. 1937இல் பெர்ரி மேக்ஸ்வெல் கிரீனைப் பின்னால் மேட்டுக்கு மாற்றினார். பள்ளத்தில் நீர் தேங்கிய கிரீனை மேட்டுக்குக் கொண்டுபோனது எந்த நர்சரிக்காரரும் செய்யும் வேலை.

பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று ஆகிய மூன்றையும் ரேஸ் ஓடை இணைக்கிறது. பதினொன்றின் இரண்டாம் அடியிலிருந்து பதின்மூன்றின் முதல் அடி வரையிலான பகுதிக்கு 1958இல் ஹெர்பர்ட் வாரன் விண்ட் என்ற பத்திரிகையாளர் ஆமென் கார்னர் என்று பெயர் சூட்டினார். பதினொன்றாவது 520 கஜம். கிரீனுக்கு இடப்பக்கம் குளம். பென் ஹோகன் இங்கே கிரீனைக் குறிவைத்ததே இல்லை என்பார்கள். வலப்பக்க வெளியில் பந்தை நிறுத்தி, அங்கிருந்து மெதுவாக எடுத்துப் போட்டு, ஒரே பட்டில் நான்கு வாங்கப் பார்ப்பார். 1987இல் லாரி மைஸ் அந்த வலப்பக்கத்தில்தான் இருந்தார். சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்தில் அங்கிருந்து உருட்டிவிட்ட பந்து குழிக்குள் இறங்கி, நார்மனிடமிருந்து பட்டத்தைப் பறித்தது. பாதுகாப்பான பக்கம் என்று நாம் ஒதுங்கும் இடத்திலிருந்தும் குழி தெரியும்.

பன்னிரண்டாவது வெறும் 155 கஜம், பார் 3. அக்காள் மகனோடு இதைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினேன். கிரீன் அகலத்தில் நீண்டு, ஆழத்தில் ஒடுங்கியது. முன்னால் ஓடை, முன்சரிவில் ஒரு மணற்குழி, பின்னால் இரண்டு. கிரீன் சற்றுச் சாய்வாகக் கிடப்பதால் வலப்பக்கம் டீயிலிருந்து இன்னும் தொலைவு. வலக்கைக்காரர் அடி பிசகினால் பந்து வலப்பக்கம் போகும்போது தூரமும் குறையும்; இடப்பக்கம் போகும்போது தூரம் கூடும். ஆக, வலப்பக்கக் கொடியைப் பார்த்து அடித்த பிசகிய பந்து நேரே ஓடைக்குள் போகிறது. கடைசி நாளில் கொடி பெரும்பாலும் வலப்பக்கம்தான் வைக்கிறார்கள். 2016இல் ஐந்து அடி முன்னிலையோடு கடைசி ஒன்பது குழிகளுக்குள் நுழைந்த ஜோர்டன் ஸ்பீத், இங்கே இரண்டு பந்தை ஓடையில் விட்டு ஏழு வாங்கினார். 2019இல் முன்னிலையில் இருந்த பிரான்செஸ்கோ மோலினாரியும், அதே குழுவில் ஆடிய டோனி ஃபினாவும் தண்ணீரில் விட்டார்கள். அவர்களோடு நின்ற டைகர் வுட்ஸ் கொடியைப் பார்க்கவே இல்லை. நடு மணற்குழிக்கு மேலாகக் கிரீனின் இடப்பக்கம் அடித்து, இரண்டு பட்டில் மூன்று வாங்கிக்கொண்டு நடந்தார். பட்டம் அந்த நடையில் அவர் பக்கம் திரும்பியது.

காற்றின் கதையும் இதே குழியில்தான். பெங்களூரில் நான் பை தூக்கிய மைதானத்தில், சிறு ஏரிக்கு மேலாக அடிக்க வேண்டிய பார் 3 ஒன்று இருந்தது, ஏறத்தாழ 150 கஜம். ஒரு நாள் காலை, எனக்கு அப்போது பத்தொன்பது வயது, முகத்தில் துளிக் காற்றும் படவில்லை, கொடி தொங்கிக்கொண்டிருந்தது. எட்டாம் அயர்னை உருவி ஆட்டக்காரர் கையில் கொடுத்தேன். அவர் குறையில்லாமல் அடித்தார். பந்து ஏறிப் போய், உச்சியில் எதன் மீதோ மோதியது போல நின்று, கரையிலிருந்து இரண்டு முழம் தள்ளித் தண்ணீரில் விழுந்தது. அவர் என்னைத் திட்டவில்லை; பையிலிருந்து இன்னொரு பந்தை எடுக்கச் சொன்னார், அது எனக்கு இன்னும் வலித்தது. மாலையில் பெரியவர் என்னைத் தனியாக அந்த டீக்கு அழைத்துக்கொண்டு போனார். "காத்து உன் மூஞ்சில இல்ல தம்பி, பந்து பறக்குற உசரத்துல இருக்கு. அங்க பாரு" என்று எதிர்க்கரை யூகலிப்டஸ் மரத்தின் உச்சியைக் காட்டினார். கீழ்க்கிளை அசையவில்லை, உச்சித் தழை முழுவதும் எங்களை நோக்கிச் சாய்ந்திருந்தது. அகஸ்டாவின் பன்னிரண்டிலும் இதே தொல்லை, பல மடங்காக. பள்ளத்தில் மரங்களுக்கு நடுவே காற்று சுழல்வதால், பதினொன்றின் கொடி ஒரு பக்கமும் பன்னிரண்டின் கொடி வேறு பக்கமும் பறக்கும் நேரங்கள் உண்டு. அங்கே ஆட்டக்காரர்கள் அண்ணாந்து பைன் மரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது அதனால்தான்.

பதின்மூன்றாவது பார் 5. 2023இல் 545 கஜமாக நீட்டினார்கள். இடப்புறம் வளையும் பாதையோடு ஓடையின் கிளை ஒன்று ஓடி, கிரீனுக்கு முன்னால் குறுக்கே வருகிறது. ஃபேர்வே வலமிருந்து இடமாகச் சரிவதால், வலக்கைக்காரருக்குப் பந்து காலைவிட உயரத்தில் இருக்கும். அப்படி இருக்கும் பந்து இடப்புறம் இழுக்கும்; அதற்கு ஈடுகட்ட வலப்புறம் பார்த்து அடித்தால், அது நேராகப் போய்விடும் நாளில் ஓடை காத்திருக்கிறது. எனவே இரண்டாம் அடியில் கிரீனுக்கு அடிப்பதா, ஓடைக்கு முன்னால் நிறுத்துவதா என்ற முடிவைக் கால் நிற்கும் சரிவுதான் தீர்மானிக்க வேண்டும். 2010இல் ஃபில் மிக்கல்சன் இரண்டு பைன் மரங்களின் இடைவெளியில், உதிர்ந்த பைன் இலைகளின் மேலிருந்து ஆறாம் அயர்னால் கிரீனில் போட்டார். அதைப் பார்த்து வியக்கலாம், பின்பற்றக் கூடாது. 2025இல் மெக்கில்ராய் பாதுகாப்பாக முன்னாலேயே நிறுத்தினார்; ஆனால் கையில் வெட்ஜோடு அடித்த மூன்றாம் அடி ஓடைக்குள் போய், ஏழு ஆனது. நிறுத்துவதோடு திட்டம் முடிவதில்லை. நிறுத்திய இடத்திலிருந்து அடுத்த அடி எங்கே போகக் கூடாது என்பதையும் கேட்டாக வேண்டும்.

பார் 5 குழிகளுக்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது 2007இல் பட்டம் வாங்கிய ஸாக் ஜான்சன். அவர் நெடுந்தூரம் அடிப்பவர் அல்லர். நான்கு நாளில் பதினாறு முறை பார் 5 குழிகளை ஆடினார். பதினாறு முறையும் இரண்டாம் அடியில் கிரீனுக்குப் போகாமல் முன்னால் நிறுத்தி, தனக்குப் பிடித்த தொலைவிலிருந்து வெட்ஜ் அடித்தார். அந்தக் குழிகளில் மட்டும் அவர் கணக்கு பாருக்குப் பதினொன்று கீழே. குளிரும் காற்றும் வாட்டிய அந்த ஆண்டில் அவருடைய மொத்த எண்ணிக்கை 289, அதாவது பாருக்கு ஒன்று மேல். பட்டம் அதற்கே கிடைத்தது. தன் கைக்கு எது கைகூடும் என்று அறிந்திருந்தவரின் வெற்றி அது. ஓசூரில் ஓராண்டு ஆடிய பையனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆசான் எனக்குத் தெரியவில்லை.

பதினான்காவது குழியில் மணற்குழியே கிடையாது. மைதானத்தில் அப்படிப்பட்டது இது ஒன்றுதான். கிரீன் இடமிருந்து வலமாகச் சரிவதால், கொடிக்கு இடப்பக்கம் விழவைத்து உருளவிட வேண்டும். கிரீனைப் படிப்பதில் அங்கே ஊர்க் கேடிகளின் கண் பெயர்பெற்றது. 1982 வரை மாஸ்டர்ஸில் ஆடுபவர்கள் அந்த மைதானத்தின் கேடிகளையே அமர்த்திக்கொள்ள வேண்டும். 1983இல்தான் தங்கள் கேடியைக் கொண்டுவர அனுமதி கிடைத்தது. அதன் பிறகும் பென் கிரென்ஷா கார்ல் ஜாக்சனையே வைத்துக்கொண்டார். 1984, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவர் பட்டம் வாங்கியபோது பை தூக்கியவர் ஜாக்சன்தான். மொத்தம் 54 மாஸ்டர்ஸில் அவர் பை தூக்கியிருக்கிறார். நம் பெங்களூரிலும் கேடியாகத் தொடங்கிய சி. முனியப்பா 2009இல் இந்தியன் ஓபனை வென்றார். பை தூக்கியவர்களுக்கு நிலம் தெரியும் என்பதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

பதினைந்தாவது 550 கஜ பார் 5. கிரீனுக்கு முன்னால் குளம். கிரீனைத் தாண்டினாலும் பின்னால் சரிவு, அதற்கும் அப்பால் பதினாறின் தண்ணீர். 1935இல் ஜீன் சாரஸன் 235 கஜத்திலிருந்து நேராகக் குழிக்குள் அடித்தது இங்கேதான். ஆனால் முன்னால் நிறுத்துபவருக்கு இருக்கும் சங்கடத்தைப் பலர் கவனிப்பதில்லை. குளத்தை நோக்கி நிலம் இறங்குவதால், வெட்ஜ் அடிக்கும்போது கால் இறக்கத்தில் இருக்கும். பந்து தாழ்வாகப் பறக்கும். சரியாகப் படாத பந்து தண்ணீரைத் தாண்டாது. தாண்டி முன்விளிம்பில் விழுந்த பந்து பின்சுழற்சியால் திரும்பிக் குளத்துக்குள் உருளும். 2018இல் செர்ஜியோ கார்சியா இங்கே ஐந்து பந்தைத் தண்ணீரில் விட்டு 13 வாங்கினார். அந்த ஐந்தையும் நான் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தேன். முந்தைய ஆண்டின் சாம்பியன் அவர். வெட்ஜால் அடித்த பந்துகள் கிரீனில் விழுந்து, நின்றது போலத் தோன்றி, மெதுவாகப் பின்னோக்கி நகர்ந்தன. அந்தக் குழியில் கொடிக்குப் பின்னால் நீண்ட பட் இருக்கும்படி அடிப்பதே அறிவு.

பதினாறாவது 170 கஜம், தண்ணீருக்கு மேலாக. எனக்கு மிகவும் பிடித்த குழி இது. கிரீன் வலமிருந்து இடமாக, தண்ணீரை நோக்கிச் சரிகிறது. கடைசி நாளில் கொடி இடப்பக்கப் பள்ளத்தில் இருக்கும். அதைப் பார்த்து அடிப்பவருக்கு இடப்பக்கம் ஒரு கஜம் பிசகினாலும் தண்ணீர். கொடிக்கு வலப்பக்கம் சில கஜம் தள்ளி மேட்டின் விளிம்பில் பந்தைப் போட்டால், அது ஒரு நொடி தயங்கி, பிறகு வாய்க்காலில் திறந்துவிட்ட நீர் போலக் கொடிப் பக்கம் தானே இறங்கி வரும். எங்கள் நர்சரியில் பாத்திக்கு நீர் விடும்போது மடையை நேரே பாத்திக்குள் வெட்ட மாட்டோம். மேட்டோரம் விட்டால் அது தானாகப் பரவும். 1986இல் 46 வயதில் ஜாக் நிக்லஸ் பதினைந்தில் ஈகிளும் இங்கே பேர்டியும் வாங்கி, கடைசி ஒன்பது குழிகளை 30 அடியில் முடித்தார். இங்கே அவர் பந்து உருண்டு கொடியை உரசுவது போல வந்து நின்றதும் இதே சரிவின் வழியில்தான்.

பதினேழில் முன்பு ஐசனோவர் மரம் என்ற பைன் மரம் இடப்பக்கம் நின்று டீ அடியை மறித்தது. பனிப்புயலில் சேதமாகி 2014இல் அகற்றப்பட்டது. இப்போது வழி திறந்திருக்கிறது. கிரீனுக்கு முன்னால் உள்ள மணற்குழிகளைத் தாண்டும் கட்டையை எடுத்தால் போதும்.

பதினெட்டாவது 465 கஜம். மரங்களுக்கு நடுவே ஒரு சந்து வழியாக டீ அடி, ஏற்றம், வலப்புறத் திருப்பம். திருப்பத்தின் இடப்பக்கம் இரண்டு மணற்குழிகள். அவற்றை எட்டாத கட்டையை எடுத்தால் இரண்டாம் அடி நீளும், ஆனாலும் அது மணலிலிருந்து அடிப்பதைவிட மேல். 1988இல் சாண்டி லைல் அந்த மணற்குழியிலிருந்து ஏழாம் அயர்னால் கிரீனில் போட்டு, பேர்டி வாங்கிப் பட்டத்தையும் எடுத்தது உண்மை. அது அவருக்கு வாய்த்தது. நீண்டு ஒடுங்கிய கிரீனில் கொடிக்குக் கீழே பந்தை நிறுத்த முடிந்தால் ஏற்றத்தில் பட் கிடைக்கும். 2025இல் இதே கிரீனில் கூடுதல் ஆட்டத்தின் முதல் குழியிலேயே மெக்கில்ராய் ஜஸ்டின் ரோஸை வென்றபோது நமக்கு திங்கட்கிழமை விடியற்காலை. எங்கள் தோட்டத்தில் தண்ணீர் மோட்டார் போட எழுந்தவர்கள் என் கைபேசியைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

அக்காள் மகனின் ஐந்து குழிகளையும் ஒரு தாளில் வரைந்துகொண்டோம். ஒவ்வொன்றிலும் பந்து போகக் கூடாத இடத்தைச் சிவப்பு மையால் அவனையே நிரப்பச் சொன்னேன். ஏழாவது குழியில் வலப்பக்கம் முழுவதும் சிவப்பானது. இதுவரை அவன் டிரைவரை எடுத்து அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அங்கே ஐந்தாம் அயர்னால் தொடங்கினால் இரண்டாம் அடிக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டான்: 150 கஜம், அவனுக்கு நன்றாக வரும் தொலைவு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவனுக்கு ஆட்டம். பையை நானே தூக்குவதாகச் சொல்லியிருக்கிறேன்.